என் முறைக்கு வெட்டிய ஒன்பது குழிகள்

1

ஸ்டெல்லா, பிரவீன், இரண்டு பேரும் இதைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். போனில் சொன்னால் நீங்கள் கட்டை விரல் படம் அனுப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பூசை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு, தொண்டு செய்கிறவர்கள் எல்லாரும் இதை நிரப்பித் தர வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வருஷமாக நான் பூசை முடிந்தபின் நாற்காலி அடுக்குகிறேன். இத்தனை நாள் யாரும் எதுவும் கேட்டதில்லை. இனிமேல் கழுத்தில் அட்டை தொங்கினால்தான் நாற்காலியைத் தொடலாமாம். அட்டை வேண்டுமென்றால் படிவம், படிவத்தோடு இரண்டு போட்டோ, பாஸ்போர்ட் நகல்.

முதல் கட்டம் பெயர். அதிலேயே எனக்குத் தடுமாற்றம். பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் உங்கள் தாத்தா பெயரை முன்னால் போட்டு என் பெயரைப் பின்னால் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து இங்கே நான் மிஸ்டர் அந்தோணி. தாத்தா இறந்து இருபது வருஷமாகிறது. தினமும் காலையில் குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர் அவரைத்தான் கூப்பிடுகிறார். நான் போய் நிற்கிறேன், ஃபோர்க்லிஃப்ட் சாவியை வாங்கிக்கொள்கிறேன். அமலதாஸ் என்று என்னைக் கூப்பிட இந்த ஊரில் ஒரே ஆள், என் அறையில் கூடத் தங்கியிருக்கும், வீரசோழன் ஊர்க்காரர் காதர் அண்ணன்.

நாலாவது கட்டத்தில், ‘உங்கள் சொந்தப் பங்கில் இதற்குமுன் செய்த தொண்டு என்ன, எத்தனை ஆண்டு’ என்று கேட்டிருந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

காதர் அண்ணன் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே பார்த்தார். “என்னப்பா, நிக்காஹ் பதிவு எழுதற மாதிரி இம்புட்டு யோசிக்கிற? ஏதாச்சும் எழுதிப் போடு. ஊர்ல போயா பாக்கப்போறாக?”

ஊரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் என்பதால்தான் எழுத முடியவில்லை.

2

உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் முறையாகச் சொல்கிறேன், நாளைக்கு உங்கள் பிள்ளைகளும் படிக்கலாம்.

நம் கோயில் பங்கில் யாராவது இறந்தால் குழி வெட்டக் கூலியாள் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். பங்கில் உள்ள குடும்பத் தலைவர்கள் பெயரெல்லாம் ஒரு நீள நோட்டில் வரிசையாக இருக்கும். ஒரு சாவுக்கு நாலு பேர். அடுத்த சாவுக்கு அடுத்த நாலு பேர். இறந்தவர் பண்ணையாராக இருந்தாலும், நாதியில்லாதவராக இருந்தாலும் முறை மாறாது. சாவு வீட்டிலிருந்து அந்த நாலு பேரும் பச்சைத்தண்ணிகூட வாங்கக் கூடாது. அடுத்த முறைக்காரர் வீட்டிலிருந்துதான் காப்பியும் தண்ணியும் வரும். ஒருவர் முறையை இன்னொருவர் செய்தால், செய்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது. ஊரில் ஆள் இல்லையென்றால் அந்த வீடு பதில் சொல்ல வேண்டும்.

அந்த நோட்டு கோயில் உபதேசியார் சிலுவைமுத்து ஐயாவிடம் இருக்கும். சாவு விழுந்த அன்று கோயில் மணி அடித்து முடிந்ததும் அவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, “அமலதாஸு, முறை” என்பார். இரண்டே சொல். சைக்கிளிலிருந்து இறங்கக்கூட மாட்டார்.

குழி வெட்டுவது என்றால் திருப்பூர்ப் பக்கத்து மண் மாதிரி நினைக்காதே பிரவீன். நம் கல்லறைத் தோட்டத்தில் மேலே ஒரு முழம்தான் மண். அதற்குக் கீழே சுக்கான். சுண்ணாம்பும் கல்லும் சேர்ந்து இறுகிய வெள்ளைத் தரை. கடப்பாரையால் குத்தினால் தீப்பொறி பறக்கும். நாலு ஆம்பிளைகள் விடியக் காலையில் தொடங்கினால் மத்தியானத்துக்கு மேல்தான் நெஞ்சளவு இறங்கும்.

நான் கப்பலேறப் போகிற மாதிரி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டு பில், ஆட்டுக்குத் தழை, தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாள். கடைசியாக, “முறை வந்தா யாருக்காவது கூலி குடுத்து விட்டுரு” என்று சொன்னேன். கூலிக்கு ஆள் விடக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். உங்கம்மா என் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் அதுவும் இல்லாமல், போனில் கேட்பேன். “முறை வந்துச்சா?”

“வந்துச்சு. முடிஞ்சிருச்சு.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்து மழை பெய்ததா என்று கேட்பேன்.

3

இந்த மே மாதம் நான் லீவுக்கு வந்திருந்தபோது பங்குப் பேரவைக் கூட்டம் நடந்தது. நீ மதுரையில் ட்யூட்டியில் இருந்தாய் ஸ்டெல்லா. தம்பி திருப்பூரில் பயிற்சியில் இருந்தான். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் ஊரோடு வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு இருக்கிறானே, அந்தப் பயிற்சி. முப்பது நாள் லீவில் உங்கள் இரண்டு பேர் முகத்தையும் சேர்த்துப் பார்த்தது மூன்று நாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் பன்னிரண்டு வருஷம் செய்ததை நீங்கள் இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள்.

கூட்டத்தில் செயலாளர் ஆரோக்கியம் எழுந்தான். நூல் மில்லில் வேலை பார்க்கிறவன், நல்ல பையன், நியாயமாகத்தான் பேசினான்.

“வெளியூர்லயும் வெளிநாட்டுலயும் இருக்கவுக பேரெல்லாம் குழி நோட்டுல சும்மா கெடக்கு. உபதேசியார் ஐயா புது நோட்டு எழுதப்போறாக. அவுக பேரையெல்லாம் தனியா ஒரு பட்டியல்ல போட்டுருவோம். அவுக சந்தா குடுத்தாப் போதும், முறை வேண்டாம்.”

எல்லாரும் சரி என்றார்கள். என்னை என் பெயராலேயே எழுதி வைத்திருக்கிற இடம் இந்த உலகத்தில் அந்த நோட்டு ஒன்றுதான் என்று அப்போதுதான் தோன்றியது. அதிலும் எடுத்துவிட்டால் நான் முழுசாக மிஸ்டர் அந்தோணி ஆகிவிடுவேன். எழுந்து நின்று, பதற்றத்தில், “மாஃபி முஷ்கில், என் பேரு அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். பிரச்சினை இல்லை என்று அரபியில். நாக்குக்கு எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரியவில்லை.

பின்னாலிருந்து சேசுராஜ் குரல் கொடுத்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். “ஏலே, ஐயாவுக்கு அரபி தெரியாதுலே. தமிழ்லயே மறுப்பு சொல்லு.” கூட்டம் சிரித்தது.

ஆரோக்கியம் சிரிக்கவில்லை. “மாமா, தப்பா நெனைக்காதீக. பன்னெண்டு வருஷமா நீங்க ஊர்ல இல்லியே.”

உபதேசியார் ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டினார். விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். “அமலதாஸ் பேருல ஒரு முறைகூட விடுபடல. ஒம்போது குழி. ஒம்போதுக்கும் டிக்கு இருக்கு. எந்தக் கணக்குல எடுக்கிறது?”

ஆரோக்கியம் உட்கார்ந்துவிட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் பயம். உங்கம்மா கூலிக்கு ஆள் விட்டது வெளியே வந்துவிட்டால் என்ன ஆவது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். “ஒம்போது தடவையும் ஒரே ஆளா?”

“ஒரே ஆளுதான்.”

“யாரு?”

“பேரு சொல்லக் கூடாதுல்ல” என்றாள். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

4

நான் திரும்பிப் போக அஞ்சு நாள் இருக்கும்போது மரியசூசை இறந்துபோனார். பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், கல்யாணம் ஆகாதவர், உறவென்று யாரும் கிடையாது. பொழுது விடியுமுன் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் சைக்கிள் வந்து நின்றது.

“அமலதாஸு, முறை.”

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் பாயிலிருந்து எழுந்து ஓடினேன். ஆட்டுக் கொட்டகை மூலையில் நான் சாத்தி வைத்துப்போன கடப்பாரையை எடுத்தேன். எடுத்ததும் கைக்கு வித்தியாசமாகத் தெரிந்தது. நிறுத்திப் பார்த்தேன். நான் போகும்போது என் மார்பு உயரம் இருந்தது. இப்போது ஒரு சாண் குறைந்து வயிற்றுக்குக் கிட்டத்தில் நின்றது. முனை மழுங்க மழுங்கப் பட்டறையில் காய்ச்சி அடித்துத் தோய்த்திருக்கிறார்கள். பிடிக்கிற இடம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. யாருக்கோ நம் கடப்பாரையையும் இரவல் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் சேசுராஜும் இன்னும் இரண்டு பேரும் கயிறு பிடித்து அளவு போட்டிருந்தார்கள். செபம் சொல்லி இறங்கினோம். மேல்மண் சீக்கிரம் போய்விட்டது. சுக்கான் வந்ததும்தான் என் வண்டவாளம் தெரிந்தது. குத்தினால் கடப்பாரை துள்ளித் திரும்புகிறது, முழங்கை அதிர்கிறது. பன்னிரண்டு வருஷமாகப் பித்தானை அழுத்தி டன் கணக்கில் சரக்கைத் தூக்குகிற கை. அரை மணி நேரத்தில் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டது.

“என்ன மாப்ள, இங்க பட்டன் இல்லியே” என்றான் சேசுராஜ்.

“பழக்கம் விட்டுப்போச்சுலே.”

“தெரியுது. ஒன் எடத்துல வழக்கமா நிக்கிற ஆளா இருந்தா இந்நேரம் முழங்காலுக்கு எறங்கியிருக்கும்.”

“யாருலே அது?”

அவன் எச்சிலை உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு குத்தினான். மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் மண்ணை அள்ளினார்கள்.

கொப்பளம் உடைந்து கடப்பாரையில் ரத்தம் பட்டபோது நான் குழிமேட்டில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறியிருந்தது. நாலு மணிக்கு அடக்கம். என்னால் குழி நேரத்துக்கு முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. என் பெயர் நோட்டில் இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து நின்றவன் நான்தான். அன்றைக்கு ஒரு நாதியற்ற மனுஷனைக் காத்திருக்க வைத்துவிடுவேனோ என்று அழுகை முட்டியது.

அப்போது வேலிக்கருவைப் பாதையில் யாரோ வந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் ஒரு தண்ணீர்க் குடம். கூலி வேலைக்குப் போகிற பெண்கள் போடுகிற மாதிரிதான். கிட்ட வந்தபின்தான் சட்டை என் சட்டை என்று தெரிந்தது. நீலக் கட்டம் போட்டது, நான் ஊரை விட்டுப் போன வருஷம் விட்டுப்போனது. முழங்கையில் தைத்த ஒட்டு. மார்பில் வெள்ளையாகச் சுக்கான் கறை, எத்தனை துவைத்தும் போகாத பழைய கறை.

மூன்று பேரும் வியப்பே காட்டவில்லை. சேசுராஜ் தலைமாட்டுப் பக்கத்திலிருந்து நகர்ந்து இடம் விட்டான். வழக்கமாக விடுகிற இடம் என்று அந்த நகர்வைப் பார்த்தாலே தெரிந்தது.

“வாங்க மதினி. ஒங்க வீட்டுக்காரரு கல்லுக்கு ரத்தம் குடுத்துப் பாத்தாரு. எறங்கல.”

உங்கம்மா குழிக்குள் இறங்கினாள். குடத்துத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது உறிஞ்சுகிற வரைக்கும் சும்மா நின்றாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். நான் கடப்பாரையைக் கொடுத்தேன். என் உயரத்துக்குக் குட்டையாகப் போன கடப்பாரை அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

“கல்ல அடிக்காதீக. கல்லுக்குப் பக்கத்துல அடிங்க, அதுவா வெளிய வரும்” என்றாள். சாய்த்து ஒரு குத்து, நெம்பி ஒரு தூக்கு. ஒரு கட்டி வெள்ளைத் தரை பெயர்ந்து வந்தது. “நீங்க மேல ஏறி மண்ண அள்ளிப் போடுங்க.”

நான் ஏறி மண்ணை அள்ளிப் போட்டேன். அன்றைக்கு நான் பார்த்ததை எந்த வார்த்தையில் எழுதுவதென்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அவளைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது தலையைக் குனிகிறோமே, அப்படி எனக்குத் தலை தானாகக் குனிந்தது. குனிந்துதான் மண் அள்ள வேண்டியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

5

நாலு மணிக்கு மரியசூசையைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தருமில்லாதவருக்குப் பங்கே கூடியிருந்தது. சாமியார் குழியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். குழி வெட்டியவர்கள் முன்னால் நிற்கக் கூடாது என்பது வழக்கம். வேலியோரமாகக் கை கழுவாமல் நிற்க வேண்டும். நானும் அவளும் அங்கே நின்றோம்.

திரும்பி வரும்போது கேட்டேன். “ஏன் சொல்லல?”

“முறை முடிஞ்சுச்சான்னு கேட்டீக. முடிஞ்சுச்சுன்னேன். யாரு வெட்டுனதுன்னு இந்த லீவு வரைக்கும் நீங்க கேக்கலியே.”

“கூலிக்கு ஆளு விட்டிருக்கேன்னு நெனச்சேன்.”

“கூலிக்கு விடக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் சொன்னீகளா?”

வேலிக்கருவைப் பாதையில் திரும்பினோம். பிறகு அவளாகச் சொன்னாள். முதல் முறை வந்தது செபஸ்தியம்மா டீச்சருக்கு. கடப்பாரையை யாரிடமாவது கொடுத்து விடலாம் என்று கொண்டுபோனாளாம். வாங்க ஆள் இல்லை. மூன்று பேர்தான் நின்றிருந்தார்கள். உபதேசியாரிடம் கேட்டாளாம், பொம்பள வெட்டலாமா என்று. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “வீடு பதில் சொல்லணும்னுதான் இருக்கு. வீட்டுல யாருன்னு இல்ல” என்றாராம்.

“பயமா இல்லியா?”

“மொதக் குழி முடிஞ்சு வீட்டுக்கு வந்து அழுதேன். பெறகு இல்ல. ஒருத்தரு காலத்துக்கும் படுக்கப்போற எடம், கோணலா இருந்துறக் கூடாதுன்னு அது ஒண்ணுதான் மனசுல இருக்கும்.”

அன்று சாயங்காலம் உங்கள் இரண்டு பேருக்கும் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? ஸ்டெல்லா, நீ எடுத்ததும், “அம்மா குழி வெட்டுனது தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியும்ப்பா. மொதக் குழிக்கு நானும் போனேன், தம்பி கையப் பிடிச்சுக்கிட்டு” என்றாய். அப்போது உனக்கு எட்டு வயது. தம்பி, “அம்மா சொல்ல வேணாம்னாங்க” என்றான், அவ்வளவுதான்.

கோயிலுக்குப் போவதில்லை, செபமாலை எடுப்பதில்லை என்று உங்கள் மேல் நான் எவ்வளவு வருத்தப்பட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஒரு பேச்சைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதை எந்தக் கோயிலில் கற்றுக்கொண்டீர்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

6

நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து உபதேசியார் ஐயா மாதா கெபிக்குப் பக்கத்தில் புது நோட்டை விரித்து எழுத உட்கார்ந்தார். என் பெயர் வரும் இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“என் பேரு வேணாம் ஐயா. ஜெயராணின்னு எழுதுங்க” என்றேன்.

ஐயா பேனாவை வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் நின்ற உங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “என்னம்மா, எழுதட்டுமா?”

“எழுதுங்க ஐயா. ஆனா இவுகளப் புதுக் கடப்பாரை ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுங்க. அது தேஞ்சுபோச்சு, இன்னும் ரெண்டு குழிக்குத் தாங்காது.”

சேசுராஜ், “புதுசு வாங்குனா மார்பு ஒசரத்துக்கு இருக்கும் மதினி, ஒங்களுக்குச் சரிப்படாது” என்றான்.

“அதையும் தேய்ச்சுக்கிறேன்” என்றாள்.

அன்றைக்கே இரண்டு பேரும் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போனோம். இரும்புக் கடையில் அவள் ஆறு கடப்பாரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஏழாவதை எடுத்தாள். கடைக்காரர் என்னிடம், “யாருக்குண்ணே, ஒங்களுக்கா?” என்று கேட்டார். “இல்ல, இவுகளுக்கு” என்றேன். மனைவியை மரியாதை கொடுத்து ‘இவுக’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பிப் பார்த்தாள். வரும்போது பஸ்ஸில் கடப்பாரையை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

7

காதர் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது சப்பாத்தி கருகிவிட்டது. “எங்க ஊர்லயும் கபருக்குக் கூலி கெடையாதுப்பா, பயலுகதான் வெட்டுவாக. ஆனா ஒங்க வீட்டம்மா மாதிரி நான் கேட்டதில்ல” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “அப்ப அந்தக் கட்டத்துல ஒம்போது குழின்னு எழுது. ஒன் பேருலதான டிக்கு இருக்கு” என்றார்.

நான் எழுதவில்லை. நாலாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். கை கூசாமல் எழுதினேன், அதுதான் உண்மை.

அதற்குக் கீழே அஞ்சாவது கட்டம், மனைவியின் பெயர். விசாவுக்கும் பத்தாகா என்கிற அடையாள அட்டைக்கும் பாங்குக்கும் என்று எத்தனையோ தடவை அந்தக் கட்டத்தை யோசிக்காமல் கிறுக்கியிருக்கிறேன். இந்தத் தடவை எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, எழுத்து ஒன்றுகூடக் கோணாமல் எழுதினேன்.